எஃப்4 முதல் எஃப்2 வரை: இரண்டாவது வருடத்தை எந்தப் படியில் செலவழிப்பது?

(கார் பந்தயம் பற்றிய உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

நேர்கோடு (கேள்வி)

ஓகே-ஜூனியர், ஓகே வகுப்புகளில் கார்ட் (சிறு பந்தய வண்டி) ஓட்டிவிட்டு 15 வயதில் எஃப்4-க்கு வரும் ஓர் ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். எஃப்1-ஐ நோக்கி அவர் முன்னால் இருக்கும் ஏணி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எஃப்4, ஃபார்முலா ரீஜினல், எஃப்3, எஃப்2. ஒவ்வொரு படியிலும் ஒரே வருடம் என்று ஓடுகிறவர்களும் உண்டு, ஒரே படியில் மூன்று வருடம் தங்கிவிடுகிறவர்களும் உண்டு.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது இவை. எஃப்1-ல் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கான 40 புள்ளிகள் எந்தப் படியில் எவ்வளவு கிடைக்கும்? ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் என்ன இழப்பு? இரண்டு வருடம் தங்குவதென்றால் எங்கே தங்குவது நல்லது? கார்ட்டில் பழகிய கையும் காலும் ஒவ்வொரு காரிலும் எதை மறந்து எதைப் புதிதாகக் கற்க வேண்டும்? பொதுவான பதில்கள் நிறைய வாசித்தாகிவிட்டது. எண்ணோடும் காரணத்தோடும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பின்னச்சு

முதலில் புள்ளிக் கணக்கை முடித்துவிடுவோம். பலரும் சறுக்குவது இங்கேதான்.

மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015-ல் 17 வயதிலேயே எஃப்1 பந்தயத்தில் இறங்கினார். அதற்கு முன் அவர் கார் பந்தயத்தில் முழுதாக ஓட்டியது ஐரோப்பிய எஃப்3-ல் ஒரே ஒரு சீசன். அதன் பிறகு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதியை இறுக்கியது. 2016 முதல் சூப்பர் லைசென்ஸ் வேண்டுமென்றால் மூன்று வருடங்களுக்குள் 40 புள்ளிகள், 18 வயது, சாலையில் ஓட்டும் ஓட்டுநர் உரிமம், விதிமுறைகள் பற்றிய எழுத்துத் தேர்வு, எஃப்1 காரில் 300 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாம் தேவை. இவற்றோடு, பட்டியலில் உள்ள ஒற்றை இருக்கைப் போட்டிகளில் இரண்டு முழு சீசன்களில், ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடாவது ஓட்டியிருக்க வேண்டும். வயதில் மட்டும் 2024-ல் ஒரு தளர்வு வந்தது: விதிவிலக்கான திறமை என்று எஃப்ஐஏ கருதினால் 17 வயதிலும் தரலாம்.

புள்ளிகள் இப்படிப் போகின்றன. எஃப்2-ல் முதல் மூன்று இடங்களுக்கும் 40, நான்காவதுக்கு 30, ஐந்தாவதுக்கு 20, ஆறாவதுக்கு 10. எஃப்3-ல் 30, 25, 20, 15, 12, 9, 7, 5, 3, 2. ஃபார்முலா ரீஜினல் ஐரோப்பியப் போட்டியில் சாம்பியனுக்கு 25, அடுத்தவருக்கு 20, மூன்றாமவருக்கு 15. மற்ற ரீஜினல் போட்டிகளில் சாம்பியனுக்கு 18. எஃப்4 சாம்பியனுக்கு 12 மட்டுமே, இரண்டாமவருக்கு 10, மூன்றாமவருக்கு 7.

இப்போது கூட்டிப் பாருங்கள். எஃப்4 பட்டமும் ஐரோப்பிய ரீஜினல் பட்டமும் சேர்ந்தால் 37. மூன்று குறைகிறது, அதாவது அடுத்த வருடம் எஃப்3-ல் ஒன்பதாவது இடம் போதும். எஃப்3-ல் மூன்றாவது (20), மறுவருடம் எஃப்2-ல் ஐந்தாவது (20) என்றாலும் 40. எஃப்3 பட்டம் (30), எஃப்2-ல் ஆறாவது (10) என்றாலும் 40. கடைசி இரண்டு வழிகளிலும் எஃப்4 புள்ளி ஒன்றுகூட வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். எஃப்4-ல் வாங்கிய புள்ளிகள் எஃப்2 முடிக்கும்போது பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். 2027-க்கு விண்ணப்பிப்பவருக்கு 2024, 2025, 2026 மூன்றும்தான் கணக்கு, 2023-ல் எடுத்த 12 புள்ளிகள் போய்விட்டன. அதனால் எஃப்4-ஐப் புள்ளிக்காக ஓட்டாதீர்கள், கற்பதற்காக ஓட்டுங்கள்.

சில்லறைப் புள்ளிகளும் உண்டு. எஃப்1 முதல் பயிற்சி அமர்வில் 100 கிலோமீட்டராவது ஓட்டினால் ஒரு புள்ளி, இப்படி அதிகபட்சம் 10. ஒரு சீசன் முழுவதும் தண்டனைப் புள்ளி வாங்காமல் முடித்தால் 2. சிறியவைதான். ஆனால் 38-ல் நிற்பவருக்கு அந்த இரண்டு பெரிது.

புள்ளி இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ல் கோல்டன் ஹெர்டா சாட்சி. அமெரிக்கத் தொடரான இண்டிகாரில் பல பந்தயங்களை வென்றவர், எஃப்1 இருக்கை கிட்டத்தட்டக் கைக்கு வந்தது. 32 புள்ளிகளே இருந்ததால் கதவு அடைபட்டது.

கடைசி பிரேக்

பின்னச்சு சொன்ன கணக்கு சரி. நான் கையையும் காலையும் பற்றிச் சொல்கிறேன், விஷயம் அதிகம் இருப்பது அங்கேதான்.

கார்ட்டில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு) கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதை எழுப்ப ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சட்டென்று, அழுத்தமாகத் திருப்பப் பழகியிருப்பார். எஃப்4 காரில் டிஃபரன்ஷியல் உண்டு, சஸ்பென்ஷன் உண்டு, எடை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகச் சற்று நேரம் எடுக்கும். அதே வெட்டுத் திருப்பலை இங்கே செய்தால் முன் டயர் எடை வந்து சேருமுன்பே வழுக்க ஆரம்பிக்கும். கார் திரும்பவில்லை என்று இன்னும் திருப்புவார், வழுக்கல் கூடும், டயரின் மேற்பரப்பு வெந்துவிடும். காரில் பதிவாகும் டேட்டாவில் இது பளிச்சென்று தெரியும்: வேகமானவரின் ஸ்டீயரிங் கோடு ஒரே மேடாக ஏறி இறங்கும், புதியவருடையது ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

அடுத்தது பிரேக். ஓகே வகைக் கார்ட்டுகளில் பிரேக் பின்னால் மட்டும்தான். முதல் மிதியே பலமாக இருந்தால் பின்பக்கம் சுழன்றுவிடும், எனவே கால் மெதுவாக அழுத்தத் தொடங்கிப் போகப்போகக் கூட்டும். காரில் இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் பிரேக், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. தொட்ட கணத்திலேயே உச்ச அழுத்தம், பிறகு வளைவு நெருங்க நெருங்க விடுவிப்பது.

ஏன் என்பதற்குச் சுலபமான கணக்கு ஒன்று. இறக்கைகள் தரும் கீழழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் மாறும். 200 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதை 100 என்று வைத்துக்கொண்டால், 160-ல் 64 ஆகிவிடும், 100-ல் வெறும் 25. டயரைத் தரையோடு சேர்த்து அமுக்கும் விசை அவ்வளவு வேகமாகக் குறையும்போது காலும் அதே அளவில் விடுவிக்க வேண்டும். விடாமல் பிடித்தால் பிரேக்கின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். ஒருமுறை தட்டையான இடத்தில்தான் அடுத்த பிரேக்கிலும் சக்கரம் பூட்டும். எஃப்4-ல் கீழழுத்தம் குறைவு என்பதால் இந்தத் தவறு ஓரளவு மன்னிக்கப்படும். ரீஜினலில் மன்னிப்பு கிடையாது.

குதிரைத்திறனை வைத்துப் பார்த்தால், டாட்டூஸ்-அபார்த் எஃப்4 கார் சுமார் 180, ரீஜினல் சுமார் 270, எஃப்3 சுமார் 380, எஃப்2 சுமார் 620. இந்த வரிசையில் எஃப்4-க்கும் ரீஜினலுக்கும் இடையிலுள்ள தாவல் சிறியதாகத் தோன்றும். உண்மையில் ஓட்டும் முறை மிக அதிகமாக மாறுவது அந்த இடத்தில்தான். ஓட்டுநர் கீழழுத்தத்தை நம்பி வேகத்தோடு உள்ளே போகக் கற்பது அங்கேதான். வேக வளைவில் பயந்து காலை எடுத்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பிடிப்பும் குறையும், அந்தப் பயம் சரிதான் என்று காரே ஒத்துக்கொண்டது போல இருக்கும். இந்தச் சுழலை உடைக்க ஓட்ட நாட்கள் வேண்டும். அதனால் என் பதில்: இரண்டு வருடம் தங்க வேண்டிய படி ரீஜினல்.

ஆஸ்கார் பியாஸ்ட்ரியைப் பாருங்கள். 2019-ல் ஃபார்முலா ரெனோ யூரோகப் (இன்றைய ரீஜினலின் இடத்தில் அன்று இருந்த தொடர்), 2020-ல் எஃப்3, 2021-ல் எஃப்2, மூன்று வருடத்தில் மூன்று பட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2018-லும் அவர் அதே யூரோகப்பில் ஓட்டி எட்டாவதாக முடித்ததைச் சொல்ல மாட்டார்கள். அந்த வருடம் வீண் இல்லை, பின்னால் வந்த மூன்றுக்கும் அதுதான் அடித்தளம். கேப்ரியல் போர்ட்டொலெட்டோவும் 2021, 2022 இரண்டு வருடமும் ஐரோப்பிய ரீஜினலில் இருந்தார். பட்டம் வரவில்லை. அதற்குப் பிறகு 2023-ல் எஃப்3-யும் 2024-ல் எஃப்2-வும் முதல் முயற்சியிலேயே வென்றார்.

நேர்கோடு

இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் ஆன்ட்ரியா கிமி ஆன்டொனெல்லி எஃப்3-ஐ ஓட்டாமலே எஃப்2-க்குப் போனாரே? அவருக்குச் சரிப்பட்டது மற்றவர்களுக்கு ஏன் படாது?

இன்னொன்று: எஃப்3-ல் தகுதிச் சுற்று சொதப்பினால் வார இறுதியே முடிந்தது என்கிறார்கள். குறிப்பாக என்ன சொதப்பும்?

பின்னச்சு

ஆன்டொனெல்லி 2022-ல் இத்தாலிய எஃப்4, ஜெர்மன் ஏடிஏசி எஃப்4 இரண்டு பட்டத்தையும் எடுத்தார். 2023-ல் மத்திய கிழக்கு ரீஜினல், ஐரோப்பிய ரீஜினல் இரண்டையும் எடுத்தார். நான்கு பட்டங்கள். மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், எஃப்2-ல் கால் வைக்கும் முன்பே புள்ளி பிரச்சினையாக இல்லை, வயதுதான் மீதி. அதோடு ஒரு எஃப்1 அணியின் இளையோர் திட்டம் அவருக்குப் பழைய எஃப்1 கார்களில் சோதனை ஓட்டம் தந்தது. அப்படியிருந்தும் 2024 எஃப்2-ல் ஆறாவதாகத்தான் முடித்தார். ஓட்ட நாட்களை வேறு வழியில் ஈடுகட்ட முடிந்தவருக்குத்தான் குதிப்பது கட்டுப்படியாகும்.

பிட்சுவர்

எஃப்3 தகுதிச் சுற்று பற்றி.

30 கார்கள், பயிற்சிக்கு 45 நிமிடம் ஒரே ஒரு அமர்வு, உடனே 30 நிமிடத் தகுதிச் சுற்று. சர்க்யூட்டைப் புரிந்துகொள்ள அவ்வளவுதான் நேரம். எஃப்3-லும் எஃப்2-விலும் டயரைச் சூடேற்றும் போர்வை கிடையாது, வெளியே வரும் சுற்றில் ஓட்டுநரே சூடேற்ற வேண்டும். எல்லோரும் முன்னே போகிறவரின் காற்று மறைவு வேண்டும் என்று கடைசி வளைவுகளில் வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுவார்கள். அந்த இருபது விநாடியில் முன் டயர்கள் ஆறிவிடும், பின் டயர்கள் மட்டும் சூடாக இருக்கும். முதல் வளைவில் கார் நேராகப் போகும், ஓட்டுநர் காரைக் குறை சொல்வார். காரின் அமைப்பில் தவறே இருந்திருக்காது. அதைப் பார்த்து இன்ஜினியர் முன் இறக்கையைக் கூட்டினால், அடுத்த ஓட்டத்தில் டயர் சரியாகச் சூடாகி, பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். முதலில் கேட்க வேண்டியது "வெளிச்சுற்றில் என்ன நடந்தது?" என்பதுதான்.

காற்றழுத்தமும் இதே இடத்தில் விளையாடும். கேஜில் (அழுத்தமானியில்) 1.2 பார் என்றால், வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்து முழு அழுத்தம் சுமார் 2.2. 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு உள்காற்று சூடானால் கேஜ் கிட்டத்தட்ட 1.65 காட்டும். அதாவது ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 0.075 பார். மேகம் மூடிப் பாதை குளிர்ந்தால் டயர் 10 டிகிரி குறைவாகவே சூடேறும், அழுத்தமும் அந்த 0.075 குறையும். அதை முன்கூட்டியே சேர்த்து நிரப்ப வேண்டும். குறைவாக நிரப்பினால் உச்சப் பிடிப்பு மூன்றாவது சுற்றில்தான் வரும். டயரின் மேற்பரப்புக்கோ முதலிரண்டு சுற்றுதான் ஆயுள், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. அதிகம் நிரப்பினால் முதல் சுற்று பளிச்சென்று இருக்கும், பந்தயத்தில் பத்து சுற்றுக்குள் டயரின் நடுப்பகுதி மட்டும் வெந்துபோகும். எஃப்3, எஃப்2-வில் டயர் தரும் பிரெல்லி நிறுவனம் குறைந்தபட்ச அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் நேரம் ரத்தாகலாம் என்பதால் அளக்கும் கேஜையும், டயர் வெயிலில் கிடந்ததா நிழலில் கிடந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதற்காக இவ்வளவு பாடு என்றால், வார இறுதியின் குறும்பந்தயமான ஸ்பிரின்ட்டில் முதல் 12 இடம் தலைகீழாக நிற்கும். தகுதிச் சுற்றில் 12-வது வந்தவர் முதலிடத்தில் தொடங்குவார், 13-வது வந்தவருக்கு எதுவும் இல்லை. பல சர்க்யூட்டுகளில் 12-க்கும் 18-க்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கடைசி நிமிடத்துக்கு வைத்திருக்கும் சுற்றைச் சிவப்புக் கொடி விழுங்கிவிடும் என்பதால், முதல் செட் டயரிலேயே 12-க்குள் வரும் ஒரு நேரத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இடைவெளி விடும்போது வளைவுக் கோட்டில் நிற்காதீர்கள். பின்னால் வருபவருக்கு இடைஞ்சல் என்றால் கிரிட்டில் (தொடக்க வரிசையில்) இடம் இறக்குவார்கள், தண்டனைப் புள்ளியும் சேரும். 12 சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. பின்னச்சு சொன்ன அந்த இரண்டு லைசென்ஸ் புள்ளிகளும் அதோடு போச்சு.

நேர்கோடு

அருமையான விளக்கம். அணியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும்? எல்லா அணிக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின் என்றால் அணிகளுக்கிடையே அவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது?

பிட்சுவர்

கார் ஒன்றுதான், அதைப் பற்றி அணி சேர்த்து வைத்திருக்கும் அறிவு ஒன்றல்ல. தரையிலிருந்து காரின் உயரம், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு), ஆன்டி-ரோல் பார் (கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் தண்டு), டாம்பர் (அதிர்வுத் தணிப்பான்), இறக்கைக் கோணம் இவைதான் மாற்றக்கூடியவை. எந்த சர்க்யூட்டில், எந்த வெப்பத்தில் எதை எவ்வளவு மாற்றினால் என்ன ஆகும் என்ற குறிப்பேடு நல்ல அணிகளிடம் பல வருடத்துக்கு இருக்கும்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்க வேண்டியவை: சோதனை நாட்கள் எத்தனை என்பதோடு ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை புதிய டயர் செட். பழைய டயரில் பத்து நாள் ஓடுவதைவிட புதிய டயரோடு ஐந்து நாள் ஓடுவது அதிகம் கற்றுத் தரும், ஏனெனில் தகுதிச் சுற்றில் தேவைப்படுவது புதிய டயரின் முதல் சுற்று. மோதல் சேதத்துக்கு யார் பொறுப்பு, உச்சவரம்பு உண்டா. சக ஓட்டுநர்களின் டேட்டா முழுவதும் திறந்திருக்குமா. இன்ஜினியர் அந்த சீசன் முழுவதும் அதே ஆள்தானா. இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், கூச்சமே வேண்டாம். இன்ஜினியர் நடுவில் மாறினால் ஓட்டுநர் "பின்பக்கம் லேசாக இருக்கிறது" என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் என்பதை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும்.

சக ஓட்டுநர் யார் என்பதையும் பாருங்கள். வேகமான, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்து காரில் இருப்பது புதியவருக்கு வரம். அவருடைய டேட்டாவோடு தன்னுடையதை ஒட்டிப் பார்க்கும்போது மூன்று இடம் போதும்: பிரேக்கை விடுவிக்கும் சரிவு, வளைவின் மிகக் குறைந்த வேகம் எந்த மீட்டரில் விழுகிறது, த்ராட்டில் முழுதாகத் திறந்து அப்படியே நிற்பது எங்கே. பிரேக் தொடங்கும் புள்ளியையே எல்லோரும் முறைத்துப் பார்ப்பார்கள். ஐந்து மீட்டர் தள்ளிப் பிடிப்பதில் கிடைப்பது கொஞ்சம், விடுவிப்பதைச் சரிசெய்தால் கிடைப்பது அதிகம்.

கடைசி பிரேக்

எஃப்2 பற்றி யாரும் சொல்லவில்லை, சேர்த்துவிடுகிறேன்.

மூன்று விஷயம் மொத்தமாக மாறும். ஒன்று, பிரேக். எஃப்3 வரை எஃகு வட்டு, எஃப்2-வில் கார்பன். கார்பன் சூடேறாதவரை கடிக்காது, சூடேறியபின் திடீரென்று கடிக்கும். பாதுகாப்பு காருக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றியபின் வரும் முதல் வளைவில் சக்கரம் பூட்டுவதற்கு இதுவே காரணம். இரண்டு, ஸ்டீயரிங். எஃப்3, எஃப்2 இரண்டிலும் பவர் ஸ்டீயரிங் இல்லை. எஃப்2-வின் வேகத்தில் தோளும் முன்கையும் கழுத்தும் தாங்காவிட்டால் கடைசிப் பத்து சுற்றில் கோடு விரிந்துகொண்டே போகும். 2024-ல் வந்த புதிய எஃப்2 காரில் ஸ்டீயரிங் பளுவைக் குறைத்திருக்கிறார்கள், ஆனாலும் அந்த உடற்பயிற்சியை விட முடியாது.

மூன்றாவது, டயரைக் காப்பது. வார இறுதியின் நீண்ட பந்தயமான ஃபீச்சர் 170 கிலோமீட்டர், டயர் மாற்றக் கட்டாய பிட் நிறுத்தம், இரண்டு வகை டயரும் போட்டாக வேண்டும், ஆறாவது சுற்று முடியும் முன் நிறுத்தினால் அது கணக்கில் வராது. எஃப்3-ல் நிறுத்தமே இல்லாமல் ஓடிப் பழகியவர் முதல் ஐந்து சுற்றிலேயே பின் டயரை எரித்துவிடுவார். 620 குதிரைத்திறன் டர்போ, மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது சக்கரம் கொஞ்சம் அதிகமாகச் சுழன்றாலே மேற்பரப்பு வெப்பம் ஏறிவிடும், அது இறங்க ஒரு முழுச் சுற்றுக்கு மேல் ஆகும். கியரை முன்கூட்டியே மேலே மாற்றுவது, ஸ்டீயரிங்கை நேராக்கிய பிறகு மட்டும் முழு த்ராட்டில், முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் பல சுற்று ஒட்டிக்கொண்டே இருக்காமல் தாண்டப்போகும் சுற்றில் மட்டும் நெருங்குவது, இவைதான் பழக வேண்டியவை.

ஸ்டார்ட்டும் தனிப் பயிற்சி. கிளட்ச் கையால் இயக்குவது. 2018-ல் புதிய எஃப்2 கார் வந்த வருடம் கார்கள் கிரிட்டிலேயே அணைந்து நின்றதால் ஆஸ்திரியாவிலும் சில்வர்ஸ்டோனிலும் உருண்டபடி தொடங்கும் முறைக்கே போக வேண்டியிருந்தது. பயிற்சி அமர்வு முடிந்ததும் எல்லோரும் கிரிட்டில் ஒத்திகை பார்ப்பதைத் தவறவிடக் கூடாது. எந்தப் புள்ளியில் கிளட்ச் பிடிக்கிறது என்பது வெப்பத்தோடு மாறும்.

பின்னச்சு

கடைசி பிரேக் சொன்னதோடு ஒன்று. எஃப்2 சாம்பியனுக்கு மறுபடி எஃப்2-வில் ஓட அனுமதி இல்லை. 2022-ல் ஃபெலிப்பே ட்ருகோவிச், 2023-ல் தியோ பூர்ஷேர் இருவரும் பட்டம் எடுத்தார்கள், மறுவருடம் எஃப்1 இருக்கை கிடைக்கவில்லை, எஃப்2-வுக்கும் திரும்ப முடியாது. ட்ருகோவிச்சுக்கு அது மூன்றாவது எஃப்2 சீசன், பூர்ஷேருக்கும் மூன்றாவது முழு சீசன். பின்னர் எஃப்1-க்குப் போன சார்ல்ஸ் லெக்லேர் 2017-லும் ஜார்ஜ் ரஸல் 2018-லும் பட்டம் எடுத்தது முதல் சீசனிலேயே. அணிகள் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, எத்தனையாவது முயற்சியில் வந்தது என்பதையும் பார்க்கின்றன. ஆகவே கூடுதல் வருடத்தை ரீஜினலில் வையுங்கள் என்ற யோசனையோடு எனக்கும் உடன்பாடுதான். அந்த முதல் ரீஜினல் சீசனுக்கு முன்னால், ஜனவரி–பிப்ரவரியில் நடக்கும் மத்திய கிழக்கு ரீஜினல் தொடரில் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் முதல் பயிற்சிக்கு வரும்போது தகுதிச் சுற்று, ஸ்டார்ட், பந்தய நடுவில் டயர் ஆறுவது எல்லாம் ஏற்கெனவே பழகியிருக்கும்.